கூட்டு வட்டிக் கட்டுரை கொண்டுவந்த மாணவர்கள்: பயிற்சி வகுப்புக்காக ஒரு வலைப்பதிவு அமைத்த அனுபவம்

டிஎன்பிஎஸ்சி தேர்வுகளின் கணக்குப் பகுதிக்கு மட்டும் ஒட்டன்சத்திரத்தில் நான் பயிற்சி வகுப்பு நடத்தி வருகிறேன். வகுப்பில் சேர்பவர்கள் நீண்ட காலம் மூன்று வழிகளில்தான் வந்தார்கள்: பேருந்து நிலையச் சுவரொட்டி, நாளிதழுக்குள் வைத்து அனுப்பும் துண்டறிக்கை, முன்பு படித்தவர்கள் தம் உறவினரிடமும் நண்பரிடமும் சொல்வது. மாலை வகுப்பை இணையவழியிலும் எடுக்கத் தொடங்கிய பிறகு, வேடசந்தூர் நூற்பாலையில் ஷிப்ட் முடிந்து வரும் ஒருவரும், பழனிக்கு அப்பாலுள்ள கிராமத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கும் ஒரு பெண்ணும் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் அவர்கள் கண்ணில் படும் இடத்தில் என் சுவரொட்டி இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வலைப்பதிவு தொடங்கினேன். அதை எப்படி அமைத்தேன், எந்தக் கட்டுரை உண்மையில் மாணவரைக் கொண்டுவந்தது, எது வெறும் பார்வையாளரை மட்டும் கொண்டுவந்தது என்பதை, இதே வேலையில் இறங்க நினைக்கும் சிறு பயிற்சியாளர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் எதைப் பற்றி எழுதுவது என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். இவற்றில் 100 வினாக்கள் தமிழ் மொழித் தகுதிப் பகுதியைச் சேர்ந்தவை. 75 பொது அறிவு. எஞ்சிய 25 வினாக்கள்தான் திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும் என்ற பகுதி. வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் என்ற கணக்கில் அது 37.5 மதிப்பெண் பெறும். பொது அறிவின் பரப்புக்கு எல்லை சொல்ல முடியாது. கணக்குப் பகுதியோ சுருக்குதல், சதவீதம், மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், தனிவட்டி, கூட்டு வட்டி, பரப்பு, கன அளவு, காலமும் வேலையும், தருக்கக் காரணவியல், பகடை, எண் தொடர் என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். குரூப் 2 முதல்நிலைத் தேர்விலும் குரூப் 1 முதல்நிலைத் தேர்விலும் இதே பகுதிக்கு 25 வினாக்கள் உள்ளன. ஆகவே ஒரு தலைப்பைத் தெளிவாக எழுதி வைத்தால் மூன்று தேர்வுகளுக்குப் படிப்பவர்களும் அதே பக்கத்துக்கு வருவார்கள். தேர்வு முடிந்தாலும் கட்டுரை பழையதாகாது. எழுதுபவர் ஒருவரே, நேரமும் குறைவு என்னும் போது, இப்படி எல்லை தெரிந்த ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி என்று இப்போதும் உறுதியாக நினைக்கிறேன்.

தளத்துக்கு வேர்ட்பிரஸ் மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, சொந்தப் பெயரில் முகவரி வாங்கி, ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் தளத்தின் கோப்புகளை வைக்க வழங்கியில் (சர்வரில்) இடம் எடுத்தேன். கூகுளின் பிளாக்கர் இலவசம்தான், அதில் தொடங்குவதிலும் குறையில்லை. ஆனால் பாடங்களை வகைப்படுத்துவதற்கும் பழைய இணைப்புகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடுவதற்கும் வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி உண்டு.

தமிழில் எழுதுபவர்கள் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டியது இணைப்பு முகவரி. தமிழ்த் தலைப்பைத் தட்டச்சு செய்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக மாற்றிக்கொள்கிறது. அந்த முகவரி உள்ளே சேமிக்கப்படும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் கலந்த ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. முகவரிக்கு ஒதுக்கப்பட்ட இடமோ மொத்தம் 200 எழுத்துகள்தான். 'கூட்டு வட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம்' என்று தலைப்பு வைத்தால், முகவரி தனிவட்டி என்ற சொல்லின் நடுவிலேயே முறிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த இணைப்பை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பொருள் விளங்காத நீண்ட குறியீட்டுச் சரமாகத் தெரிவதும், அதைத் தொடப் பலர் அஞ்சுவதும் ஆகும். எனவே தலைப்பு முழுத் தமிழில் இருக்க, முகவரியை மட்டும் ஆங்கில எழுத்துகளில் மூன்று நான்கு சொற்களுக்குள் நானே கையால் எழுதும் முறையை வைத்துக்கொண்டேன். ஒரு முறை வெளியிட்ட முகவரியை மாற்ற வேண்டி வந்தால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 திருப்பம் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; அது இல்லையென்றால் பழைய இணைப்பை வைத்திருப்பவர்கள் வெற்றுப் பக்கத்தில் போய் நிற்பார்கள்.

அடுத்த வேலை உழைப்பு மிகுந்தது. பல ஆண்டுகளாக வகுப்புக்குத் தயாரித்த குறிப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அத்தகைய கோப்பு நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான்; கூகுள் தேடுபொறி அதில் ஒரு தமிழ்ச் சொல்லையும் காணாது. ஆகவே எல்லாவற்றையும், தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றி மென்பொருள் உரைநடையை நன்றாகவே மாற்றித் தருகிறது, கணக்குதான் சிதைகிறது. பாமினியில் விழுக்காட்டுக் குறியின் இடத்தில் 'மூ' என்ற எழுத்தும், உடுக்குறியின் (*) இடத்தில் 'ழூ' என்ற எழுத்தும் அமைந்துள்ளன. கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றினால் இருபது சதவீதம் என்பது '20மூ' என்று வந்து நிற்கும். உரையை மட்டும் மாற்றியில் இட்டு, கணக்கு வரிகளைத் தனியே எடுத்து வைத்து மீண்டும் தட்டச்சு செய்வதே நம்பகமான வழி. இதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் இந்த வேலையைச் செய்தபோதுதான் எந்தக் குறிப்பு இன்னும் பயன்படும், எதை எறிந்துவிடலாம் என்பதும் தெளிவாயிற்று.

பிடிஎஃப் கோப்பாகவே பதிவேற்றிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பிடிஎஃப் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறிப் போய்விடும். அதைப் படிப்பவர் என் தளத்துக்கு வருவதில்லை, என்னிடம் கேள்வி கேட்பதும் இல்லை. தவிரவும், சிறிய கைபேசித் திரையில் ஏ4 தாளை இரு விரலால் விரித்து விரித்துப் படிப்பது கணக்குக்கு ஒத்துவராது. ஆகவே ஒவ்வொரு படியையும் தனி வரியாக, உரையாகவே எழுதுகிறேன். பகடை, விரிப்பு வரைபடம், கன அளவு போன்றவற்றுக்கு மட்டும் படம் போடுகிறேன். அதையும் வெப்பி (WebP) என்ற பட வடிவில் சுருக்கி, படத்தில் உள்ளதை, படம் தெரியாதபோது அதற்குப் பதிலாக வரும் மாற்று உரையில் ஒரு வாக்கியமாக எழுதிவிடுகிறேன். எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழை வைத்து, வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டினேன். தமிழில் மேலே ஏறும் குறிகளும் கீழே இறங்கும் குறிகளும் அதிகம் என்பதால், ஆங்கிலத் தளங்களுக்கான இடைவெளியை அப்படியே விட்டால் வரிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கண்ணை வருத்தும்.

இனிக் கட்டுரை எழுதிய முறை. என் தளத்தில் மிகுந்த மாணவரைக் கொண்டுவந்தது கூட்டு வட்டி, தனிவட்டி வித்தியாசம் பற்றிய கட்டுரை என்பதால் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இந்தத் தலைப்பில் இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் சூத்திரத்தை மேலே போட்டு, கீழே எண்களை இட்டு விடை சொல்பவை. சூத்திரம் தேடி வருபவர் சூத்திரத்தை எழுதிக்கொண்டு போய்விடுவார். அவரை யாருக்கும் நினைவிருக்காது, எழுதியவரும் அவர் நினைவில் இருக்க மாட்டார். நான் வகுப்பில் சொல்லும் முறையிலேயே எழுதினேன். 10,000 ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீதம், இரண்டு ஆண்டு. தனிவட்டியில் முதல் ஆண்டும் 800, இரண்டாம் ஆண்டும் 800. கூட்டு வட்டியிலும் முதல் ஆண்டு அதே 800தான். இரண்டாம் ஆண்டில் அசலுக்கு உரிய 800 வருவதோடு, முதல் ஆண்டு வட்டியான அந்த 800-க்கும் 8 சதவீதம் வட்டி வருகிறது. அது 64 ரூபாய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த 64 மட்டுமே. அதாவது வித்தியாசம் என்பது வட்டிக்கு வந்த வட்டி. இது பிடிபட்டவருக்குச் சூத்திரமே தேவைப்படாது. பிறகு அதே அசலுக்கு மூன்று ஆண்டு என்றால் என்ன ஆகும் என்று கேட்டு, 64-ஐ மூன்று முறை கூட்டி 192, அதோடு 64-க்கு 8 சதவீதமான 5 ரூபாய் 12 காசு சேர்த்து 197 ரூபாய் 12 காசு என்று வருவதைக் காட்டினேன். அந்த மூன்று முறை எங்கிருந்து வந்தது என்பதை ஆண்டுவாரியாகப் பிரித்து விளக்கினேன். கடைசியில், வித்தியாசம் கொடுக்கப்பட்டு அசல் கேட்கப்படும் வினா ஒன்றை விடை சொல்லாமல் விட்டு, 'உங்கள் விடையை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், சரிபார்த்துத் தருகிறேன்' என்று எழுதினேன்.

என் கருத்தில் இந்த வரிதான் வலைப்பதிவின் உயிர்நிலை. 'இன்றே சேருங்கள்', 'சேர்க்கை நடைபெறுகிறது' என்ற அறிவிப்புகளுக்குக் கட்டுரையின் அடியில் கிடைக்கும் மதிப்பு மிகக் குறைவு. அரசுத் தேர்வுக்குத் தயாராகும் ஒருவருக்குப் பணத்தைவிடப் பெரிய தயக்கம் வேறொன்று உண்டு: தனக்குக் கணக்கு வருமா என்ற அச்சம். ஒரு கட்டுரையைப் படித்து, ஒரு கணக்கைத் தானே போட்டு, அதை ஓர் ஆசிரியர் சரி என்று சொன்ன பிறகுதான் அந்த அச்சம் தளர்கிறது. அதன் பிறகு சேர்வதா வேண்டாமா என்ற பேச்சை அவர்களே தொடங்குகிறார்கள். விடையை அனுப்பிய ஒரு பெண் அடுத்த செய்தியிலேயே, 'சார், பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் கணக்கைத் தொட்டதே இல்லை. உங்கள் வகுப்பில் என்னால் தொடர முடியுமா?' என்று கேட்டார். 'நீங்கள் அனுப்பிய வழியில் ஒரு படியும் தவறவில்லை அம்மா, அடுத்த தலைப்பையும் போட்டு அனுப்புங்கள், பிறகு முடிவு செய்யலாம்' என்று எழுதினேன். இப்படி வரும் செய்திக்கு அன்றே பதில் எழுத நேரம் ஒதுக்க முடியாதவர் இந்த முறையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

வாட்ஸ்அப்புக்கான இணைப்பில் ஒரு சிறு ஏற்பாடு செய்தேன். எண்ணைச் சேமிக்காமலேயே உரையாடலைத் திறக்கும் இணைப்பை வாட்ஸ்அப் தருகிறது. அதன் இறுதியில் முன்கூட்டியே ஒரு செய்தியையும் எழுதி வைக்கலாம். ஒவ்வொரு கட்டுரையிலும் அந்தச் செய்தி வேறு வேறாக இருக்கும்படி, 'கூட்டு வட்டிக் கட்டுரை படித்தேன், என் விடை:' என்பது போல அமைத்தேன். எந்தக் கட்டுரையிலிருந்து ஒருவர் வந்தார் என்பதைத் தெரிந்துகொள்ள அவரிடம் கேள்வி கேட்க வேண்டியதே இல்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உரையாடல்களுக்கு லேபிள் இடும் வசதி இருப்பதால், கட்டுரையின் பெயரையே லேபிளாக வைத்து, பின்னர் சேர்ந்தவர்களை அதில் குறித்துக்கொள்கிறேன். பெயர், எண் தவிர வேறு விவரம் எதையும் கேட்பதில்லை. அந்த எண்ணுக்கும் வகுப்பு அறிவிப்புகள் அனுப்பலாமா என்று கேட்டு, சம்மதம் என்று எழுதியவருக்கு மட்டுமே அனுப்புகிறேன். 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, கேட்காமல் அனுப்பும் விளம்பரச் செய்தி ஆசிரியர் மீதுள்ள மதிப்பைக் குறைத்துவிடும்.

இந்த லேபிள்களையும் எந்தச் சொல்லைத் தேடி எந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் தரும் விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஓர் உண்மை மிகத் தெளிவாகத் தெரிந்தது. 2025-இல் குரூப் 4 அறிவிக்கை ஏப்ரல் 25 அன்று வெளியானது. தேர்வு ஜூலை 12 அன்று நடந்தது. காலிப்பணியிடம் எத்தனை, வயது வரம்பு என்ன, விண்ணப்பிப்பது எப்படி என்ற செய்திகளை அந்த நாட்களில் எழுதினால் பார்வை பெருகுகிறது. ஆனால் அப்படி வருபவர் தகவலைப் பார்த்தவுடன் விண்ணப்பத் தளத்துக்குப் போய்விடுகிறார். அந்தப் பக்கங்களிலிருந்து வகுப்புக்கு வந்தவர் அநேகமாக யாருமில்லை. மாறாக, வேலையும் காலமும் பற்றிய ஒரு கட்டுரைக்குப் பார்வை சிறிதாக இருந்தாலும், அதைப் படித்தவர்களில் கணிசமானோர் விடை எழுதி அனுப்புகிறார்கள். அறிவிக்கைச் செய்தியைப் பெரிய மையங்களும் நாளிதழ்களும் சில நிமிடங்களில் வெளியிட்டுவிடும்; அந்தப் போட்டியில் தனி ஆசிரியருக்கு வேலையில்லை. ஆகவே அத்தகைய செய்திகளை எழுதுவதை முழுமையாக நிறுத்திவிட்டேன்.

கட்டுரை வெளியிடும் காலத்தையும் இதை ஒட்டியே வகுத்தேன். புதிய தளத்தின் பக்கங்கள் தேடலில் மேலே வர மாதங்கள் ஆகும். அறிவிக்கைக்கும் தேர்வுக்கும் இடையே உள்ள பதினோரு வாரத்தில் எழுதத் தொடங்கினால், கட்டுரை கண்ணில் படும்போது தேர்வே முடிந்திருக்கும். 2025-க்கான ஆண்டுத் தேர்வு அட்டவணையைத் தேர்வாணையம் 2024 அக்டோபரிலேயே வெளியிட்டிருந்தது. அந்த அட்டவணை வந்ததும் பின்னோக்கிக் கணக்கிட்டு, கடினமான தலைப்புகளை முதலில் எழுதுவது என்பதே என் ஒழுங்கு.

தேடும் சொற்களைப் பற்றியும் சர்ச் கன்சோல் நிறையக் கற்றுத் தருகிறது. கடந்த 16 மாத விவரங்களை அதில் பார்க்கலாம். பாடநூலில் மீச்சிறு பொது மடங்கு என்று படித்தவர்கள் தேடும்போது மீ.சி.ம. என்றும், எல்சிஎம் என்றும், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியும் தேடுகிறார்கள். கட்டுரையின் முதல் பத்தியில் இந்த வழக்குகளை இயல்பாக வரும்படி ஒருமுறை எழுதிவிட்டால் போதும். திரும்பத் திரும்பத் திணித்தால் படிப்பவருக்குத்தான் இடைஞ்சல். யாரும் எதிர்பாராத தொடர்களும் அந்தப் பட்டியலில் வரும். அவற்றில் பல மாணவர்களின் மனத்திலுள்ள ஐயத்தை அப்படியே சொல்பவை. அடுத்த கட்டுரைக்குத் தலைப்பை அங்கிருந்துதான் எடுக்கிறேன்.

விளம்பரம் வைக்கலாம் என்று பலர் சொன்னார்கள். தளங்களில் விளம்பரம் காட்டி வருவாய் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்கிறது. ஆனால் அந்த விளம்பரங்கள் பக்கத்தின் பொருளையும் படிப்பவரின் விருப்பத்தையும் ஒட்டி அமைபவை. டிஎன்பிஎஸ்சி கணக்குக் கட்டுரையின் நடுவே வேறு பயிற்சி மையத்தின் விளம்பரம் தோன்றுவதற்கே வாய்ப்பு அதிகம். ஒரு மாணவர் சேர்வதால் கிடைக்கும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் விளம்பர வருவாய் அற்பம். அதனால் அதை ஏற்கவில்லை.

வெற்றி பெற்றவர்களின் கருத்துரையை வெளியிடுவது பற்றி இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பயிற்சித் துறையில் தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கான நெறிமுறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று வெளியிட்டது. தேர்ச்சிக்கு உத்தரவாதம் தருவதாகச் சொல்லக் கூடாது. தேர்ச்சி பெற்றவரின் பெயர், படம், கருத்துரை ஆகியவற்றை, அவர் தேர்ச்சி பெற்ற பிறகு எழுத்துப்பூர்வமாகத் தந்த சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. அவர் எந்தப் பாடப்பிரிவில், எவ்வளவு காலம், கட்டணம் செலுத்திப் படித்தாரா என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்காகவே அது எழுதப்பட்டது. என் வகுப்பு அதைவிடச் சிறியது. இருந்தாலும் அதை முழுமையாகப் பின்பற்றுகிறேன். ஒருவர் தேர்ச்சி பெற்றதற்குத் தமிழும் பொது அறிவும் காரணமாக இருக்கும்போது, அவர் படத்தை என் கணக்கு வகுப்பின் வெற்றியாகப் போடுவது நேர்மையல்ல. 'கணக்குப் பகுதிக்கு மட்டும் நான்கு மாதம் கட்டணம் செலுத்திப் படித்தேன்' என்று அவரே எழுதித் தந்தால், அந்த வாக்கியத்தைச் சுருக்காமல் வெளியிடுகிறேன். படிப்பவர்கள் அத்தகைய அளவான கூற்றையே அதிகம் நம்புகிறார்கள் என்பதும் என் அனுபவம்.

தேர்வு முடிந்து விடைக்குறிப்பு வந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை பராமரிப்பு வேலை தொடங்குகிறது. தேர்வாணையம் தன் தளத்தில் வெளியிடும் வினாத்தாளிலிருந்து 25 கணக்கு வினாக்களையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் உரிய கட்டுரையின் இறுதியில், நான் போடும் வழியோடு சேர்க்கிறேன். பழைய கட்டுரைக்குப் புதிய முகவரி தருவதில்லை. அதே பக்கத்தில் சேர்த்து, திருத்திய தேதியை மேலே குறிக்கிறேன். இப்படிச் செய்வதால் பல ஆண்டு வினாக்கள் ஒரே பக்கத்தில் சேர்ந்து, ஒரே கருத்தை எத்தனை விதமாகக் கேட்கிறார்கள் என்பது படிப்பவருக்குத் தானாகவே விளங்குகிறது.

இப்போது பகடைக் கணக்குகளுக்கான கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன். பகடையை விரித்த வடிவத்தில் ஒரே வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக அமையும் சதுரங்களே எதிரெதிர்ப் பக்கங்களாகும் என்பதைச் சொல்லால் விளக்குவதைவிட, மாணவரே தாளை வெட்டி மடித்துப் பார்ப்பது நல்லது. அதற்காக, கைபேசியிலிருந்து அச்சிட்டு வெட்டக்கூடிய அளவில் ஒரு விரிப்பு வரைபடத்தைத் தயாரித்து, மடித்த பகடையைப் படம் எடுத்து அனுப்பும்படி கட்டுரையின் அடியில் கேட்கப் போகிறேன்.